ஒரு சிஸ்டம், இரண்டு ஓ.எஸ்.: ஒரு டிடிபி கடை அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது டைப்பிங், டிடிபி, ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்த சின்னக் கடை. காலையில் கோர்ட் வேலை, கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் மனுக்கள். முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை. நடுநடுவே ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, ரிசல்ட் பிரிண்ட். இதில் பெரும்பகுதி ஒரே சிஸ்டத்தில்தான் ஓடுகிறது. அதில் விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் என்று இரண்டு ஓ.எஸ். (கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்) போட்டிருக்கிறேன். "எதுக்குண்ணே ரெண்டு?" என்று கேட்காத ஆள் இல்லை.

பத்திரிகை வேலைக்கு எங்களுக்கு இன்றைக்கும் பேஜ்மேக்கர் 7 என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். 2001இல் வந்தது, அடோபி அதற்கு அடுத்த பதிப்பு என்று ஒன்று விடவே இல்லை, இன்டிசைனுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் போக முடியவில்லை. பல வருடத்துப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைலாக, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. "பெரியவன் கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே சின்னவனுக்கும் வேணும்" என்று வருகிறவருக்கு அந்த ஃபைலைத் திறந்து பெயரும் தேதியும் மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. போதாக்குறைக்கு, கடையில் இருக்கும் பழைய லேசர் பிரிண்டர் விண்டோஸில்தான் ஒழுங்காகப் பேசும். எனவே விண்டோஸை விட முடியாது.

ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் சிஸ்டமோ நாலாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி அதில் இல்லை. பிராசஸரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. வாடிக்கையாளரின் ஆதார் நம்பரும் பேங்க் விவரமும் புழங்குகிற சிஸ்டத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேலையை இரண்டாகப் பிரித்தேன். இன்டர்நெட் சம்பந்தப்பட்டது அத்தனையும் லினக்ஸில். பேஜ்மேக்கரும் பிரிண்டும் விண்டோஸில். விண்டோஸுக்கு இன்டர்நெட்டே கிடையாது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டை டிசேபிள் செய்துவிட்டேன். சாஃப்ட்வேர் பழசானால் என்ன, வெளியே போகிற வாசலே இல்லையே.

லினக்ஸ் போடுவது கஷ்டம் என்று பலரும் பயப்படுகிறார்கள். போடுவதெல்லாம் ஒரு மத்தியான வேலை. அதற்கப்புறம்தான் விஷயம் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருந்தால் அவரவர் சமையலில் சண்டை வராது, பொதுவான கிணற்றடியில்தான் வரும். சிஸ்டத்திலும் அப்படித்தான்: கடிகாரம், பூட் வரிசை (ஆன் செய்ததும் எது முதலில் கிளம்புவது என்பது), பொது டிஸ்க். இந்த மூன்றும் இரண்டு ஓ.எஸ்.ஸுக்கும் பொது. தகராறு எல்லாம் அங்கேதான்.

இந்த ஏற்பாடு ஒன்றும் நமக்குப் புதிதில்லை. தமிழ்நாடு அரசு 2011இல் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. சர்வீஸுக்கு வந்தவற்றில் நிறைய லேப்டாப்பில் பாஸை அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போட்டிருப்பார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கிற அந்தக் கறுப்புத் திரையைப் பிள்ளைகளுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, போடுகிற கதைக்கு வருகிறேன். முதல் சிபாரிசு: இடம் இருந்தால் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி லினக்ஸை அதில் தனியாகப் போடுங்கள். ஒரே டிஸ்க்கைப் பிரித்துப் போடலாம், தப்பில்லை. ஆனால் பிழைப்பு ஓடுகிற சிஸ்டத்தில் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) சுருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் இது. யூபிஎஸ் இருக்கட்டும், வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பியும் இருக்கட்டும். தனி எஸ்எஸ்டி என்றால் அந்தப் பதைப்பே இல்லை.

இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். சில லினக்ஸ் இன்ஸ்டாலர்கள், நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைக் காட்டினாலும், பூட் லோடரை (ஓ.எஸ்.ஸைக் கிளப்பிவிடுகிற சின்ன மென்பொருளை) கொண்டுபோய் முதல் டிஸ்க்கில் வைத்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஒரு டிஸ்க் போய்விட்டால் இரண்டு ஓ.எஸ்.ஸும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். கழற்றிவிட்டால் அது வைக்க வேறு இடமே இல்லை. முடிந்ததும் கேபிளை மாட்டி, லினக்ஸில் போய் 'அப்டேட்-கிரப்' கமாண்டை ஓட்டினால் (கிரப் என்பது லினக்ஸின் பூட் லோடர்) விண்டோஸும் மெனுவில் வந்துவிடும். வரவில்லையா, கிரப் 2.06 பதிப்பிலிருந்து வேறு ஓ.எஸ்.ஸைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வசதியை முன்னிருப்பாக அணைத்து வைத்திருக்கிறார்கள். கிரப்பின் அமைப்பு ஃபைலில் அதை இயக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும் (பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற மதர்போர்டின் மென்பொருள்). சிஸ்டம் கிளம்புவது பழைய லெகசி முறையிலா, புதிய யூஇஎஃப்ஐ முறையிலா என்று அதில் தெரியும். விண்டோஸ் எதில் இருக்கிறதோ லினக்ஸையும் அதிலேயே போடுங்கள். ஒன்று லெகசியிலும் இன்னொன்று யூஇஎஃப்ஐயிலும் இருந்தால் ஒன்றின் மெனுவிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. பூட் மெனுவில், லினக்ஸ் இன்ஸ்டாலர் இருக்கிற ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியும்; ஒன்றுக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும், இன்னொன்றுக்கு வெறும் பெயர். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ லினக்ஸ் அந்த முறையிலேயே உட்காரும்.

இனி கிணற்றடி. முதலில் கடிகாரம்.

லினக்ஸ் வந்த புதிதில், காலை பத்து மணிக்கு விண்டோஸில் அடித்த பில்லில் விடியற்காலை 4.30 என்று விழுந்தது. கணக்குப் பார்க்கிறவர் "என்ன சார், பிரம்ம முகூர்த்தத்துல கடை திறக்கிறீங்களா?" என்றார். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று பையன் புதுசு வாங்கிப் போட்டான். மறுநாளும் அதே 4.30. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்பதைக் கவனித்தால் புரிந்துவிடும். மதர்போர்டில் இருக்கிற கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் வேலை பார்த்து மூடினால் அது பொது நேரத்தை, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியதை, எழுதி வைத்துவிட்டுப் போகும். அடுத்து வரும் விண்டோஸ் அதை அப்படியே நம்பும். இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் கொஞ்ச நேரத்தில் தானே திருத்திக்கொள்ளும். எங்கள் விண்டோஸுக்குத்தான் இன்டர்நெட்டே இல்லையே.

லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கமாண்ட் மூலம் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்பதை 1 ஆக்கினால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். இப்படிச் செய்யாதே என்று லினக்ஸ் எச்சரிக்கும். கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தைத் திருப்புகிற நாடுகளுக்குத்தான் அந்தப் பயம் முக்கியம். நமக்கு வருடம் முழுக்க ஒரே நேரம். தைரியமாகச் செய்யலாம்.

அடுத்தது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். அணைவதில்லை. பாதியைத் தூங்க வைத்துவிட்டு, காலையில் சீக்கிரம் எழுந்த மாதிரி காட்டும். அந்த நிலையில் லினக்ஸில் வந்து பொது டிஸ்க்கைத் திறந்தால், படிக்கலாம், எழுத முடியாது. சில சமயம் திறக்கவே செய்யாது. லினக்ஸ் செய்வதுதான் சரி. பாதித் தூக்கத்தில் இருப்பவன் ஃபைலில் கை வைத்தால் இருக்கிறதும் கெடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் அதை எடுத்தால் வித்தியாசம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

பொது டிஸ்க்கை விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ் ஆக வைத்திருக்கிறேன். எக்ஸ்ஃபேட் என்கிற இன்னொரு வடிவம் இரண்டிலும் ஓடும் என்று சொல்வார்கள், ஓடும்தான். ஆனால் அதில் ஜர்னலிங் (மாற்றத்தை முதலில் குறித்து வைத்துக்கொள்ளும் வசதி) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிதறும் வாய்ப்பு அதிகம். நம் ஊர் நிலவரத்துக்கு என்டிஎஃப்எஸ்தான் சரி. அது கெட்டுப்போனால் விண்டோஸுக்குப் போய் செக்டிஸ்க் ஓட்டிச் சரிசெய்யுங்கள். லினக்ஸில் இருக்கிற கருவி மேலோட்டமாகத்தான் பார்க்கும்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதிலும் ஒன்று இருக்கிறது. முதல் பாதி எங்கும் படிக்கக் கிடைப்பதுதான்: முக்காற்புள்ளி, கேள்விக்குறி இதெல்லாம் லினக்ஸ் பெயரில் வைக்க விடும், விண்டோஸ் ஏற்காது. இன்னொரு பாதி தமிழில் பெயர் வைக்கிற நமக்கே உரியது. விண்டோஸில் ஒரு ஃபைல் பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸின் சொந்த டிஸ்க்கில் 255 பைட்தான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், பிரச்சினை இல்லை. தமிழில் 'க' மூன்று பைட். புள்ளியோ கொம்போ சேர்ந்தால் ஆறு பைட். கணக்குப் போட்டால் ஐம்பது எழுத்துக்குச் சற்றுக் கூடுதலாக எழுதினாலே எல்லை வந்துவிடும். எங்கள் ஆபரேட்டர் அக்காவுக்கு ஃபைல் பெயரிலேயே மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு ஊர், மண்டபம், தேதி எல்லாம் எழுதுகிற பழக்கம். தேடுவதற்கு வசதிதான். ஆனால் பேக்கப்புக்காக லினக்ஸ் டிஸ்க்கில் காப்பி போட்டபோது சில பத்திரிகைகள் மட்டும் 'பெயர் நீளம்' என்று அடம்பிடித்து நின்றன. இப்போது ஊரும் மண்டபமும் ஃபோல்டர் பெயருக்குப் போய்விட்டன.

லினக்ஸால் கடைக்குக் கிடைத்த பெரிய லாபம் பென் டிரைவில்தான். கோர்ட்டிலிருந்தும் காலேஜிலிருந்தும் வருகிற பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் சகஜம். விண்டோஸில் செருகினால் நம் ஃபைல் எதுவும் காணாது, ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் நிற்கும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஃபைலும் திறக்கும், வைரஸும் நம் சிஸ்டத்துக்குள் குடிவரும். அதே பென் டிரைவை லினக்ஸில் செருகிப் பாருங்கள். அந்த ஷார்ட்கட், கூடவே ஒன்றிரண்டு ஸ்கிரிப்ட் ஃபைல், அப்புறம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும். அதைத் திறந்தால் வாடிக்கையாளரின் ஃபைல் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கும். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்தான் மறைவு; விண்டோஸ் வைக்கிற மறைவுக் குறியை அது சட்டை செய்யாது. அந்த ஸ்கிரிப்ட்டும் விண்டோஸுக்காக எழுதியது, இங்கே ஓடாது. ஃபைலை வெளியே எடுத்துவிட்டு மீதியை அழித்துக் கொடுத்தால், "போட்டோ எல்லாம் போச்சுன்னு நெனச்சேன் சார்" என்று பிரிண்டுக்கு மேல் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வெளியிலிருந்து வருகிற எந்தப் பென் டிரைவும் எங்கள் கடையில் முதலில் லினக்ஸைத்தான் பார்க்க வேண்டும். இதற்காக மட்டுமே கூட ஒரு ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ் இருக்கலாம்.

தமிழ் டைப்பிங்கில் பெரிய சிக்கல் வரவில்லை. ஐபஸ் என்கிற உள்ளீட்டு முறையில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, போனடிக், பழைய டைப்ரைட்டர் என்று எல்லா விசைப்பலகையும் கிடைக்கும். அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர், அவர் விரல் டைப்ரைட்டர் முறைக்குத்தான் ஓடும். அது லினக்ஸில் இல்லையென்றால் இந்தத் திட்டமே அன்றைக்கே மூட்டை கட்டியிருக்கும். மாற்றிக்கொள்ளும் கீயை இரண்டு ஓ.எஸ்.ஸிலும் ஒன்றாக வைத்துவிட்டேன்.

பிரிண்டுக்கு லினக்ஸில் பிடிஎஃப் ஆக்கிப் பொது டிஸ்க்கில் போட்டுவைத்து, சேர்த்து விண்டோஸில் எடுக்கிறோம். அவசரத்துக்குப் பக்கத்து லேப்டாப். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது டிரைவரே கேட்காமல் நெட்வொர்க்கில் ஓடுகிற மாடலாகத்தான் பார்ப்பேன்.

பல பேர் உட்காருகிற சிஸ்டம் என்றால் இன்னும் இரண்டு சின்ன வேலை. இரண்டிலும் வால்பேப்பர் வேறாக இருக்கட்டும். எங்களுடையதில் விண்டோஸ் சிவப்பு, லினக்ஸ் பச்சை. எதில் இருக்கிறோம் என்று பார்த்தவுடன் தெரியும். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு: 'பத்திரிகை, பிரிண்ட் – சிவப்பு. நெட், பென் டிரைவ் – பச்சை.' புதிதாக வந்த பையனுக்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடையின் பழைய சிஸ்டம் ஒரு ரகம், புது லேப்டாப் வேறு ரகம். அக்கா மகன் பாண்டியில் இன்ஜினியரிங் படிக்கிறான். விண்டோஸ் 11 லேப்டாப்போடு வந்து, "மாமா, உபுண்டு போடணும். இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே காட்டலை" என்றான். உபுண்டுவும் மின்ட் மாதிரி ஒரு லினக்ஸ்தான். எதுக்கு வேணும் என்று முதலில் கேட்டேன். சி புரோகிராம், டெர்மினல் கமாண்ட், கொஞ்சம் பைத்தான். இதற்கு விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் போதும், பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம். விண்டோஸுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போல ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸும் ஒரு வழி, ஆனால் 8 ஜிபி ராமை இரண்டுக்கும் பங்கு போட்டால் இரண்டுமே முக்கும். அவனுக்கு ரோபோ புராஜெக்டில் போர்டு, கேமரா எல்லாம் யூஎஸ்பியில் நேராக மாட்ட வேண்டியிருந்தது. அப்படியென்றால் தனியாகப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

டிஸ்க் தெரியாததற்குக் காரணம் பயாஸில் இருக்கிற இன்டெல் விஎம்டி என்கிற டிஸ்க் அமைப்பு. சில மாடலில் ஆர்எஸ்டி என்றிருக்கும். அதை அணைத்தால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், ஆனால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். அதனால் வரிசையாகச் செய்ய வேண்டும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட், நேராகப் பயாஸுக்குள் போய் விஎம்டியை அணை, விண்டோஸ் சேஃப் மோடில் வந்து தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும், அப்புறம் டிக்கை எடு. சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கையே பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த புது லேப்டாப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாது. பயாஸில் எதையாவது மாற்றியதும் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கிறது எதுவும் திரும்பாது. கணக்குப் பக்கத்தில் போய் அந்தக் கீயைப் பார்த்து, பேப்பரில் எழுதி வைத்த பிறகுதான் அவன் லேப்டாப்பைத் தொட்டேன்.

செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடுகிற பாதுகாப்பு) பற்றிக் கேட்டான். உபுண்டு, மின்ட் இரண்டும் அதோடு ஓடும், அணைக்க வேண்டியதில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் பல பேருடைய லினக்ஸ், 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்' என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுபோனது. மைக்ரோசாஃப்ட்டும் பிரச்சினையை ஒப்புக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உள்ளே போய் லினக்ஸை அப்டேட் செய்ய வேண்டும். எனவே பயாஸுக்குள் போகிற கீ எது என்று அவனையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்ததும் லினக்ஸ் மெனுவே காணாமல் போவதும் உண்டு. அழிந்திருக்காது; பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு ஏறியிருக்கும், அவ்வளவுதான். பயாஸில் போய் இறக்கிவிட்டால் சரி.

"வேணாம்னா எப்படி மாமா எடுக்கிறது?" என்றும் கேட்டான். நல்ல கேள்வி, போடுவதற்கு முன்னால் யாரும் கேட்பதில்லை. லினக்ஸ் பார்ட்டிஷனை நேராக அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் 'கிரப்' என்று ஒரு வார்த்தையோடு கறுப்புத் திரை நிற்கும், வீடே பதறும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள். ஓரிரு தடவை ரீஸ்டார்ட் செய்து நேராக விண்டோஸுக்குப் போகிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்து, அந்த இடத்தை விண்டோஸோடு சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கிற 100 எம்பி அளவுள்ள சின்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் தேவையில்லாதது போலத்தான் தெரியும். அதில் கை வைக்காதீர்கள், விண்டோஸ் கிளம்புவதும் அதிலிருந்துதான்.